பிழையைப் படலத்தில் தேடாதீர்கள், தண்ணீரில் தேடுங்கள்

சேலத்தில் போர் தண்ணீரில் குளிப்பவர்களுக்குத் தெரியும்: சோப்பு நுரைக்காது, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து வாளியில் ஒட்டும். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைத் தண்ணீரின் கால்சியமும் மெக்னீசியமும் பிடித்துக்கொள்வதால் வரும் வினை அது. வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட் வெட்டும் ஊரில் இதில் ஆச்சரியம் இல்லை.

இதே பிடிப்பு ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள படலத்திலும் நடக்கும். சோப்பிலுள்ள கொழுப்பு அமிலங்களில் ஒன்றான ஸ்டியரிக் அமிலத்தின் மூலக்கூறுக்கு நீரை விரும்பும் அமிலத் தலையும், நீரை விரும்பாத நீண்ட வாலும் உண்டு. அதை நீரின் மேல் பரப்பினால் தலை நீரைத் தொட்டிருக்கும். பக்கவாட்டில் நெருக்க நெருக்க வால் காற்றில் நிமிரும். உலோக அயனி கீழிருந்து வந்து தலையில் ஒட்டும். கல்லூரி புராஜெக்டில் இதைச் செய்பவர்கள் முடிவு சரியாக வராவிட்டால் படலத்தைத்தான் சந்தேகப்படுகிறார்கள். பிழை பெரும்பாலும் தண்ணீரிலும் செய்முறையிலும்தான் இருக்கும்.

முதல் தவறு, அளவு. 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமுள்ள தொட்டியை மூட சுமார் 70 மைக்ரோகிராம் ஸ்டியரிக் அமிலம் போதும். கண்ணுக்குத் தெரிகிற அளவு போட்டால் படலம் வராது, கட்டிதான் மிதக்கும். குளோரோஃபார்மில் நீர்க்கக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, அது ஆவியாகும்வரை 10, 15 நிமிடம் கை கட்டிக்கொண்டு இருங்கள்.

இவ்வளவு கொஞ்சமான பொருளோடு வேலை என்பதால் அழுக்குக்குக் கொஞ்சமும் இடமில்லை. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய தொட்டி, தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிய விரல், இரண்டும் படலத்தைக் கெடுக்கும். குழாய்த் தண்ணீரோ இன்னும் மோசம். அதிலுள்ள கால்சியம் முன்பே ஒட்டிக்கொண்டு, நீங்கள் சேர்த்த உலோகம்தான் ஒட்டியது என்று நம்ப வைக்கும். உலோகம் சேர்க்காத தூய நீரில் ஒருமுறை சோதனையை ஓட்டிப் பார்க்காமல், எடுத்த அளவுகளின் எந்த வரைபடத்தையும் நம்பாதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது பி.எச். என்கிற அமில-கார அளவு விஷயத்தில். காய்ச்சி வடித்த நீர் 7 என்று பாடப்புத்தகம் சொல்லும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து 5.6 பக்கம் இறங்கிவிடும். அமிலத் தலை ஹைட்ரஜனை விட்டால்தான் உலோகத்தைப் பிடிக்கும். 4-க்குக் கீழே கிட்டத்தட்ட பிடிக்கவே பிடிக்காது. அதற்காகக் காரத்தைக் கொட்டினால் உலோகம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். சேர்க்கும் உலோகம் காட்மியம் என்றால், சிறிதளவு சோடியம் பைகார்பனேட் சேர்த்து 6-ஐ ஒட்டி வைப்பது வழக்கம். அப்புறம், காட்மியம் நச்சு. சிங்க்கில் ஊற்றாதீர்கள், தனிப் பாட்டிலில் சேருங்கள்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், குளிர். கீழே சேலம் கொதிக்கும். வெப்பநிலை மாறினால் படலம் இறுகும் விதமும் மாறும். வேறு வேறு நாளில் எடுத்த அளவுகளை ஒப்பிடும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். ஃபேனை நிறுத்துவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, படலத்தில் வானவில் நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். ஸ்டியரிக் படலத்தின் கனம் சுமார் 2.5 நானோமீட்டர், அதில் நிறம் தெரியாது. அமெரிக்க விஞ்ஞானி கேத்தரின் பிளாட்ஜெட் 1938-ல் கண்ணாடியின் பளபளப்பைப் போக்க, பேரியம் ஸ்டியரேட்டை 44 அடுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்காட்டுச் சேற்றுக் குட்டையில் மினுமினுப்பைக் கண்டால் குச்சியால் குத்துங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால், இரும்பை உண்ணும் பாக்டீரியாவின் படலமாக இருக்கலாம். சுழன்று மறுபடி கூடினால் எண்ணெய்.