அப்பாவின் ஜப்பான் நண்பரைப் பார்க்கப் போகிறீர்களா?

ஜப்பானில் வேலை கிடைத்து வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே வீட்டிலிருந்து கேட்பார்கள்: "அப்பாவோட பழைய ஃப்ரெண்ட் யோகோஹாமாவுல இருக்கார், ஒரு எட்டு போய்ப் பார்த்தியா?" அந்த நண்பர் ஒரகடம் பக்கம் ஏதாவது தொழிற்சாலையில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவராக இருக்கலாம். அதற்கும் முன்னால், அப்பா ஏஓடிஎஸ் (வெளிநாட்டவருக்குத் தொழில்நுட்பப் பயிற்சி தரும் ஜப்பானிய அமைப்பு) பயிற்சிக்கு வந்தபோது பழகியவராகவும் இருக்கலாம். எப்படியானாலும் இப்போது அறுபது, எழுபது வயதுக்காரர். போக வேண்டியதுதான். ஆனால் ஊரில் போவது போல "இந்தப் பக்கம் வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்" என்று போய் நிற்க முடியாது.

முதலில் நாள் குறியுங்கள். புத்தாண்டு அட்டையில் "அவசியம் வீட்டுக்கு வாருங்கள்" என்று எழுதியிருந்தால் அது பாதி மரியாதைக்கு. நம் ஊரில் கல்யாண வீட்டில் பார்ப்பவர்களிடமெல்லாம் நாம் சொல்வதில்லையா, அதே கதைதான். அவர்களே இரண்டு மூன்று தேதிகளைச் சொல்லி எது வசதி என்று கேட்டால் மனதார அழைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று வாரம் முன்பே எழுதுங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை, அப்புறம் புத்தாண்டு, இந்த மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் வரும் நாட்கள் அவை. ரயிலிலும் இடம் கிடைக்காது. அந்த நாட்களில் நொசோமி என்ற ஷின்கான்சென் அதிவேக ரயிலில் எல்லா இருக்கையும் முன்பதிவுதான்.

வீட்டுக்குக் கூப்பிடாமல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சந்திக்கலாம் என்றால் வருத்தப்படாதீர்கள். இங்கே வீடுகள் சிறியவை, விருந்தாளியை வெளியில் சந்திப்பது சாதாரண வழக்கம். வீட்டுக்கே அழைத்தால் மதியம் 2 மணிக்குப் போய் 4 மணிக்குக் கிளம்புவது நல்லது. சாப்பாட்டு வேளை இரண்டு பக்கமும் தப்பிவிடும். 2 மணி என்றால் 2 மணிக்கு, அதிகம் போனால் ஐந்து நிமிடம் கழித்து அழைப்பு மணியை அடியுங்கள். முன்னதாகப் போவதும் தொந்தரவுதான். உள்ளே கடைசி நேரத் துடைப்பு நடந்துகொண்டிருக்கும். தாமதமானால் லைன் (LINE) செயலியில் ஒரு வரி. பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, முகவரி தொகுதி எண்களில் ஓடும். அதனால் முகவரியை ஜப்பானிய எழுத்தில் வாங்கி அப்படியே வரைபடத்தில் ஒட்டுங்கள். அடுக்குமாடி என்றால் கட்டடப் பெயரும் அறை எண்ணும் இல்லாமல் கீழ்க் கதவே திறக்காது.

சாப்பாட்டை முன்கூட்டியே பேசிவிடுங்கள். "நான் வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் இறைச்சியை விட்டுவிட்டு மீனை வைப்பார்கள். மீனும் வேண்டாம் என்றால் மிசோ சூப்பில் கட்சுவோ மீன் சீவல் போட்ட சாறு இருக்கும், அது அவர்களுக்கு மீன் என்றே தோன்றாது. எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதைவிட எதைச் சாப்பிடுவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்: சோறு, காய்கறி, கொம்பு என்ற கடற்பாசியின் சாறு, பழம். நண்பரின் மனைவி இரண்டு நாளாக யோசித்துச் சமைத்ததை மேசையில் வைத்த பிறகு "ஐயோ, இதில் மீன் இருக்கா?" என்று கேட்பதுதான் இருப்பதிலேயே பெரிய சங்கடம்.

கையில் என்ன கொண்டுபோவது? ஊரிலிருந்து வந்த பொருள் என்றால் நல்லது. ஃபில்டர் காபித் தூளும் மணப்பாறை முறுக்கும் சென்னையில் இருந்தவர்களுக்குப் பழைய நாட்களை ஞாபகப்படுத்தும். நெய் சொட்டும் மைசூர்பாகு பலருக்குத் திகட்டுகிறது, என் அனுபவத்தில். கோழி ஊறுகாய் உட்பட எந்த இறைச்சிப் பண்டத்தையும் பெட்டியில் வைக்கச் சொல்லாதீர்கள், விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள். பச்சை இலை, பழம் எல்லாவற்றுக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தளத்தில், ஒவ்வொன்றாகப் பொதிந்த இனிப்புப் பெட்டி இரண்டாயிரம் மூவாயிரம் யென்னுக்குக் கிடைக்கும். நான்காக எதையும் கொடுக்க வேண்டாம், அந்த எண்ணின் உச்சரிப்பு சாவை நினைவூட்டும். பட்டுப்புடவை மாதிரி பெரிய பரிசு தந்தால் பதிலுக்கு என்ன செய்வது என்று அவர்கள் தவித்துப் போவார்கள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் கொடுங்கள்.

செருப்பைக் கழற்றுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே வெறுங்காலோடு உள்ளே போகக் கூடாது, பையில் சுத்தமான காலுறை இருக்கட்டும். ஸ்லிப்பர் தருவார்கள்; தத்தாமிப் பாய் அறை வந்தால் அதையும் கழற்ற வேண்டும். கழிவறைக்குத் தனி ஸ்லிப்பர் இருக்கும், அதைப் போட்டுக்கொண்டே கூடத்துக்கு வந்துவிடாதீர்கள். அங்கிள், ஆன்ட்டி எல்லாம் வேண்டாம், குடும்பப் பெயரோடு "சான்" என்ற மரியாதைச் சொல்லைச் சேர்த்தால் போதும்.

அப்பாவின் நண்பர் இப்போது இல்லை, மனைவி மட்டும் இருக்கிறார் என்றால் துக்கம் விசாரிப்பது போலத்தான் போவீர்கள். பல வீடுகளில் புட்சுதான் என்ற சிறு பூஜை மாடம் இருக்கும், அதில் அவர் படம். "ஊதுபத்தி ஏற்றலாமா?" என்று நீங்களே கேளுங்கள். மெழுகுவர்த்தியில் பற்றவைத்து, தீயை வாயால் ஊதாமல் கையால் விசிறி அணைக்க வேண்டும். சில பிரிவுகளில் பத்தியைச் சாம்பலில் நிறுத்தாமல் ஒடித்துப் படுக்க வைப்பார்கள், எனவே அந்த அம்மாள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். பிறகு சிறிய மணியைத் தட்டிவிட்டுக் கைகூப்பலாம். நீங்கள் கொண்டுவந்த முறுக்கை அவர் எடுத்துப் போய் முதலில் அங்கேதான் வைப்பார். அப்பாவும் அவரும் சேர்ந்து இருக்கும் பழைய படம் ஊரில் இருந்தால் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். எந்த இனிப்புப் பெட்டியையும்விட அது மேல்.

டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வாழும் நிஷிகசாய் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. சாம்பார் வாசனையில் பாதிக் கூச்சம் போய்விடும். இருந்தாலும் நாள் குறித்தே போங்கள், இரவு ஒன்பதுக்கு மேல் குழந்தைகளை ஓடவிடாதீர்கள், கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும் என்பதை மறக்காதீர்கள்.

அப்பா அம்மா சுற்றுலா விசாவில் வந்து, ஒசாகா நண்பரையும் பார்க்க வேண்டும் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜப்பான் ரயில் பாஸ் அவர்களுக்குக் கிடைக்கும், வேலை விசாவில் இருக்கும் உங்களுக்குக் கிடைக்காது. 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிய பிறகு, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு மட்டும் போய்வர அது கட்டுபடியாகாது. தனித்தனி டிக்கெட்டே மலிவு. பெரிய பெட்டிகளை முந்தின நாளே தக்யூபின் கூரியரில் அனுப்பிவிட்டுக் கைவீசிப் போகலாம். அங்கே தங்கச் சொன்னாலும் முதல் முறை ஹோட்டலே நல்லது என்பேன். கட்டாயம் தங்க நேர்ந்தால், குளியல் தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும், எழுந்த பிறகு தொட்டித் தண்ணீரை வடித்துவிடக் கூடாது. அதே தண்ணீரில்தான் வீட்டிலுள்ள மற்றவர்களும் உட்காருவார்கள்.

திரும்பிய அன்றோ மறுநாளோ நன்றி சொல்லி எழுதுங்கள். டிசம்பரில் புத்தாண்டு அட்டை அனுப்புங்கள். 25-ஆம் தேதிக்குள் தபாலில் சேர்த்தால் ஜனவரி 1 அன்று கிடைக்கும். அந்த வீட்டில் அந்த வருடம் யாராவது இறந்திருந்தால் மட்டும் வாழ்த்து அனுப்பக் கூடாது. ஜனவரி 7 கழிந்த பிறகு, குளிருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஓர் அட்டை போடலாம்.