சர்க்கரைக் காலுக்கு ஒரு கருவி: பல துறைகளைச் சேர்த்து ஆய்வு செய்வது எப்படி

கல்லூரியில் நான் மின்னணுவியல் பாடம் எடுக்கிறேன். ஆனால் கடந்த ஆறு வருடங்களாக என் ஆய்வு முழுக்கப் பாதத்தைப் பற்றியது. சர்க்கரை நோயாளியின் காலில் புண் வெடிப்பதற்கு முன்பே அந்த இடம் சூடாகும். ஏறி நின்றால் அந்தச் சூட்டைக் கண்டுபிடித்துச் சொல்லும், வாசல் கால்மிதி போன்ற ஒரு மிதியடிதான் எங்கள் கருவி. இந்த வேலையில் என்னோடு சர்க்கரை நோய் மருத்துவர் ஒருவர், பிசியோதெரபிஸ்ட், புள்ளியியல் துறை நண்பர், சமூகப்பணித் துறை மாணவிகள், தமிழ்த்துறைப் பேராசிரியர், செருப்புத் தைக்கும் பெரியவர் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது வந்து, "மேடம், மருத்துவக் கருவி ஆய்வு பண்ணணும், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் மாதம் சர்க்கட்டைத் தொடாதீர்கள்

முதல் மாதம் முழுக்க மருத்துவமனையின் ஓபியில் (வெளிநோயாளிகள் பிரிவில்) போய் உட்காருங்கள். மருத்துவரின் அனுமதியோடு, ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். போனை பைக்குள் வைத்துவிடுங்கள். யாருக்கும் ஆலோசனை சொல்ல வேண்டாம். யார் வருகிறார்கள், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், நர்ஸ் எதை எங்கே வைக்கிறார், எது கைக்கு எட்டாமல் தடுமாறுகிறார் என்று கவனித்து எழுதினால் போதும்.

நான் போன மூன்றாவது வாரம் பூ விற்கும் ஒரு அம்மா வந்திருந்தார். பிசியோ அவரைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மோனோஃபிலமென்ட்டை எடுத்தார். அது ஒரு நைலான் நரம்பு. தோலில் அழுத்தினால் சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளையும். அது தொடுவது தெரிந்தால் "ஆமா" என்று சொல்ல வேண்டும். பெருவிரல், சுண்டுவிரல், முன்பாதம் என்று ஒவ்வோர் இடமாக நரம்பு வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அந்த அம்மா பேசாமல் படுத்திருந்தார். எல்லா இடமும் முடிந்த பிறகு கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?" என்று கேட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போகும் என்று எத்தனையோ கட்டுரைகளில் படித்து வைத்திருந்தது அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு உறைத்தது.

அவரிடம் ஒரு நாள் முழுக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். காலை நான்கு மணிக்குப் பூ மார்க்கெட். அப்புறம் கோவில் வாசலில் கடை. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலை மடக்கி மதியம் வரை உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குப் போனால் செருப்பு வாசலோடு சரி. ஆகமொத்தம் செருப்பு அவர் காலில் இருப்பது இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதுவரை நாங்கள் ஷூவுக்குள் வைக்கும் சென்சார் அட்டை ஒன்றை வரைந்துகொண்டிருந்தோம். வெளிநாட்டுக் கட்டுரைகளில் எல்லாம் அதுதான் இருந்தது. நாளெல்லாம் ஷூ போடும் ஊருக்கு அது சரி. இந்த அம்மாவுக்கு அதனால் என்ன பயன்? வாசலில் செருப்பைக் கழற்றியதும் மிதிக்கிற இடத்தில் சென்சாரை வைக்கலாம் என்ற யோசனை அப்படித்தான் வந்தது. ஓபி பெஞ்சில் உட்காராமல் இருந்திருந்தால் அந்த அட்டையையே செய்து முடித்திருப்போம்.

இந்த விஷயத்தில் நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. வலி தெரியாததால்தான் சூடும் காயமும் அழுத்தமும் கை கால்களைத் தின்கின்றன என்று அவர் கண்டார். நோயாளிகள் அன்றாடம் என்ன செய்கிறார்கள் என்று கூர்ந்து பார்த்ததால் கிடைத்த உண்மை இது. வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் நடந்த அந்த வேலையிலிருந்துதான் மரத்துப்போன பாதத்துக்கான மென்மையான எம்.சி.ஆர். (நுண்ணிய காற்றறைகள் கொண்ட) ரப்பர் செருப்பு வந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்குத் தைத்துத் தருவதும் அதே ரப்பர்தான். மருத்துவர், ரப்பர் தெரிந்தவர், செருப்புத் தைப்பவர் மூவரும் சேராமல் அது நடந்திருக்காது. ஜெய்ப்பூர் கால் கதையும் அதேதான். எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் கடைசியில் சேர்ந்து உருவாக்கியது. சம்மணம் போட்டு உட்காரவும் வெறுங்காலோடு நடக்கவும் தோதான செயற்கைக் கால் வேண்டும் என்பதை அவர்கள் நம் ஊர் வாழ்க்கையிலிருந்து எடுத்தார்கள்.

யாரை, எப்போது சேர்ப்பது

எல்லாரையும் முதல் நாளே சேர்த்துவிடுங்கள். அளவெடுத்து முடித்த பிறகு, "இதைக் கொஞ்சம் பார்த்துக் கொடுங்க" என்று புள்ளியியல்காரரிடம் போவதுதான் நம் கல்லூரிகளின் வழக்கம். அப்போது அவரால் செய்யக்கூடியது ரொம்பக் குறைவு.

எங்கள் நண்பர் முதல் கூட்டத்திலேயே இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, நாற்பது பேரை அளந்தால் எண்பது கால் கிடைக்கும், ஆனால் அதை எண்பது பேர் என்று கணக்குப் போடக் கூடாது. ஒருவருடைய இடது காலும் வலது காலும் ஒரே ரத்தம், ஒரே சர்க்கரை. இரண்டாவது, புதுக் கருவியையும் பழைய கருவியையும் ஒப்பிட ஒட்டுறவுக் கெழுவை (இரண்டு அளவுகளும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண்) நம்பாதீர்கள் என்றார். எங்கள் மிதியடி எல்லா அளவிலும் சரியாக ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டினாலும் அந்தக் கெழு 1 என்றே வரும். புள்ளியியலாளர்கள் பிளாண்ட், ஆல்ட்மன் இருவரும் 1986-இல் விளக்கிய முறைப்படி, இரண்டு கருவிகளின் வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

எங்களுக்கு இது உயிர்நாடி. ஒரு காலின் ஓர் இடத்துக்கும் மறு காலின் அதே இடத்துக்கும் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்து மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தத் துறையில் பயன்படுத்தும் அளவுகோல். அமெரிக்காவில் 2000களில் வீட்டிலேயே பாதச் சூட்டை அளக்கவைத்து நடத்திய சோதனைகளில் இந்த அளவுகோலால் புண் வருவது குறைந்தது. இடது பக்கச் சென்சாரும் வலது பக்கச் சென்சாரும் வேறு வேறு அளவில் தவறினால் அந்த 2.2-க்கு அர்த்தமே இல்லாமல் போகும்.

தமிழ்த்துறைப் பேராசிரியரைச் சேர்த்ததை இன்றும் பலர் வியப்பாகக் கேட்கிறார்கள். எங்கள் வினாத்தாளில் "பாதத்தில் உணர்விழப்பு உள்ளதா?" என்று எழுதியிருந்தோம். பெரும்பாலானோர் "இல்லை" என்றார்கள். அவர் இரண்டு நாள் ஓபியில் உட்கார்ந்து ஜனங்கள் பேசுவதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தார். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு." "மதமதன்னு கிடக்கு." "செருப்பு கழன்று விழுந்ததே தெரியலை, பின்னால வந்தவங்க சொன்னாங்க." வினாத்தாளை இந்தச் சொற்களிலேயே மாற்றி எழுதினோம். "செருப்பு கழன்றது தெரியாமல் நடந்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், முன்பு இல்லை என்றவர்களே "அட, ஆமா" என்றார்கள். இதை எந்தச் சென்சாரும் தராது. கேள்வி மக்கள் பேச்சில் இல்லையென்றால் பதிலும் உண்மையாக இருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சமூகப்பணி மாணவிகள் வீடுகளுக்குப் போனார்கள். அவர்கள் சொல்லித்தான் மெட்டி விஷயம் தெரிந்தது. இரண்டாம் விரலின் உலோகம் அளவைக் கெடுக்கிறது, ஆனால் மெட்டியைக் கழற்றச் சொன்னால் பலருக்கு மனசு கஷ்டப்படுகிறது. கழற்றச் சொல்லாமல், அந்த விரலுக்குக் கீழே இருந்த சென்சாரைப் பின்னால் நகர்த்தினோம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. கூட்டத்தை மருத்துவரின் நேரத்துக்கு வையுங்கள். ஓபி முடிந்து மதியம் ஒன்றரை மணிக்கு, மருத்துவமனையிலேயே. அவரைக் கல்லூரிக்கு வரச் சொன்னால் இரண்டு தடவை வருவார், மூன்றாவது தடவை வர முடியாது. முதுநிலை மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வேடு கட்டாயம் என்பதால், அவர்களில் ஒருவருக்கு உங்கள் தலைப்பின் ஒரு பகுதி ஆய்வேடாக அமைந்தால் இரண்டு பக்கமும் வேலை நகரும்.

நெறிமுறைக் குழு

ஒரு நோயாளியின் காலைக்கூட அளப்பதற்கு முன் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். பொறியியல் மாணவர்கள் பலர் "வெறும் சூடுதானே அளக்கிறோம்" என்று நினைக்கிறார்கள். மனிதர்கள் மேல் ஆய்வு என்றால் அது ஆய்வுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளை முழுக்கப் படியுங்கள். குழுவில் 7 முதல் 15 பேர் வரை இருப்பார்கள். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வருபவர். மருத்துவர்களோடு சட்டம் தெரிந்தவர், சமூக அறிவியலாளர், பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் இருப்பார்கள்.

எங்கள் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்தது. குழுவில் இருந்த பொதுமக்கள் பிரதிநிதி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கைநாட்டு வைக்கிறவங்களுக்கு இந்த ஒப்புதல் படிவத்தை யார் படிச்சுக் காட்டுவாங்க?" படிக்கத் தெரியாதவர் ஒப்புதல் தரும்போது ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும். அதை நாங்கள் எழுதவில்லை. இப்போது என் மாணவர்கள் ஒப்புதல் படிவத்தை எழுதியதும் முதலில் தங்கள் பாட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். பாட்டிக்குப் புரியாத வரி படிவத்தில் இருக்கக் கூடாது.

வருபவர்களுக்குப் பஸ் செலவு தருவதைத் திட்டச் செலவிலேயே எழுதுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள். பாதத்தைப் படம் எடுத்தால் கொலுசு, பச்சை குத்தியது, மெட்டி தெரியாமல் எடுங்கள். முகம் இல்லாவிட்டாலும் ஊரில் ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்கள். கருவியின் பலனைச் சோதிக்கும் மருத்துவப் பரிசோதனை என்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். விற்பனைக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளை ஆரம்பத்திலேயே பாருங்கள். ஆபத்தின் அளவைப் பொறுத்து ஏ முதல் டி வரை வகுப்புகள் உண்டு, வகுப்புக்கு ஏற்றபடி சோதனைகளும் மாறும்.

பெயரும் காப்புரிமையும்

ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதை முதல் மாதமே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் பேசிக்கொள்ளலாம் என்று விட்ட இடத்தில்தான் நல்ல நட்புகள் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காப்புரிமை வேண்டுமென்றால் வாயைத் திறப்பதற்கு முன் விண்ணப்பியுங்கள். எங்கள் முதல் வடிவத்தின் முழு அறிக்கையும், சர்க்கட் படம் உட்பட, இணையத்தில் ஏற்றப்பட்டுவிட்டது. ஏற்றியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அதற்கப்புறம் அந்த வடிவத்துக்குப் புதுமை என்று உரிமை கோர முடியவில்லை. இடைக்கால விண்ணப்பம் ஒன்றைப் போட்டுவிட்டால் முழு விவரம் தர 12 மாதம் கிடைக்கும். அதைப் போட்ட பிறகு கருத்தரங்கு, போஸ்டர் எல்லாம் வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையில் வைத்துப் பாருங்கள்

ஆய்வகத்தில் வேலை செய்யும் கருவி வார்டில் செய்யும் என்று எண்ண வேண்டாம். கூகுள் குழு விழித்திரைப் படங்களைப் படித்துச் சர்க்கரை நோயின் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரம் படங்களில் பயிற்றுவித்து, 2016-இல் அருமையான முடிவுகளை வெளியிட்டது. அந்தச் சோதனையில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளுக்கும் பங்கு உண்டு. பிறகு தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களில் அதை வைத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை மென்பொருள் ஏற்கவில்லை. காரணம் எளிமையானது. பல நிலையங்களில் இருட்டறை கிடையாது, வெளிச்சத்திலேயே படம் எடுத்தார்கள். இதைக் கண்டுபிடிக்க, நர்ஸ்களோடு உட்கார்ந்து பார்த்த ஆய்வாளர்கள் தேவைப்பட்டார்கள்.

எங்களுக்கும் அப்படி ஒன்று நடந்தது. மருத்துவமனையில் காலை நேர அளவுகள் சரியாகவும் பத்து மணிக்கு மேல் தாறுமாறாகவும் வந்தன. இரண்டு வாரம் சூட்டை அளக்கும் தெர்மிஸ்டரை மாற்றிப் பார்த்தோம், வயரிங்கை மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஒரு மாணவி அரை நாள் ஓரமாக நின்று பார்த்தாள். கூட்டம் சேர்ந்ததும் நர்ஸ் ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் மிதியடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறார். ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. அதுவும் அவர் துடைக்கும் திசையில் வலது பக்கம் கடைசியாக ஈரமாகிறது. அவர் செய்தது முழுக்கச் சரி, துடைத்தே ஆக வேண்டும். எங்கள் கருவிதான் காத்திருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் பச்சை விளக்கு எரியும். வெயிலில் நடந்து வந்தவர்களைப் பத்து நிமிடம் வெறுங்காலோடு பெஞ்சில் உட்காரவைப்பதையும் அதே நர்ஸ்தான் தொடங்கிவைத்தார். கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது.

திட்டப் பணம் தீரும் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே ஒரு கேள்வியை எடுத்துவிடுங்கள்: அதற்கப்புறம் இந்தக் கருவியை யார் பார்த்துக்கொள்வார்கள்? எங்கள் மிதியடி இப்போது பிசியோ அறையில் இருக்கிறது. பக்கத்துத் தெரு எலக்ட்ரிக் கடையிலேயே கிடைக்கும் பேட்டரிக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறோம். பழுதானால் என்ன செய்வது என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கிறது. அந்தப் பூக்கார அம்மா மாதம் ஒரு முறை வருகிறார். வந்ததும் தானே செருப்பைக் கழற்றி, பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து, பச்சை விளக்கு எரிந்ததும் ஏறி நிற்கிறார்.