இறைமறுப்பு அறிவுக்கு ஏற்ற நிலைப்பாடா: சோதித்துப் பார்க்கும் முறை

கடவுள் இல்லை என்று கருதுபவர் தம் நிலைப்பாடு அறிவுக்கு ஏற்றதுதானா என்று சோதிக்க விரும்பினால், முதலில் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கடவுள் உண்டா என்பது ஒன்று. கைவசமுள்ள சான்றுகளைக் கொண்டு அம்முடிவுக்கு வந்த வழி முறையானதா என்பது மற்றொன்று. நேர்மையாக ஆராய்ந்தவரும் தவறக்கூடும், குருட்டாம்போக்கில் சொன்னதும் சரியாக அமைந்துவிடக்கூடும் என்பதால், சோதனை இரண்டாவது கேள்வியைப் பற்றியது மட்டுமே.

அடுத்து, எதை மறுக்கிறோம் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். எல்லாம் அறிந்த, எல்லாம் வல்ல, பேரருள் கொண்ட படைப்பாளரை மறுப்பது வேறு. எதிலும் தலையிடாத முதற்காரணம் ஒன்றை மறுப்பது வேறு. 'இல்லை', 'உண்டென ஏற்கவில்லை', 'அறிய இயலாது' என்பனவும் ஒன்றல்ல; கடைசி நிலைப்பாட்டுக்குத் தனிப்பெயர் தேவைப்பட்டதால்தான் ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி 1869-இல் 'agnostic' என்ற புதுச்சொல்லை உருவாக்கினார்.

பிறகு காரணங்களை எழுதிக்கொண்டு, வேண்டுதல் பலிக்காத கோபத்தையும் மதத்தின் பெயரால் நடந்த கொடுமைகளையும் அடித்துவிடலாம். அவை மனிதரைப் பற்றியே பேசுகின்றன. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே தேநீர்க் கெண்டி ஒன்று சுற்றுகிறது என்பவரே அதை நிறுவ வேண்டும் என்று 1952-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய உவமை, மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைக் காட்டுகிறது; ஆனால் அது 'ஏற்கவில்லை' என்பதற்குத் துணை நிற்கும் அளவுக்கு 'இல்லை' என்பதற்கு நிற்காது.

மீதமிருக்கும் காரணங்களில் 'தென்படவில்லை, ஆகவே இல்லை' என்பதே நின்று ஆராயத் தக்கது. இந்தியத் தருக்க நூலோர் இதற்கு ஒரு நிபந்தனை விதித்தனர். வெளிச்சமுள்ள அறையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை எனலாம். இருட்டில் அப்படிச் சொல்ல இயலாது. இருந்திருந்தால் தென்பட்டிருக்கும் என்ற தகுதி உடைய பொருளின் காணாமையே அதன் இன்மைக்குச் சான்றாகும். அத்தருக்க மரபுகளில் ஒன்றான 'நியாயம்' என்ற நெறியைச் சேர்ந்த உதயனர் இந்த நிபந்தனையையே பற்றிக்கொண்டு, கடவுள் புலனுக்கு எட்டாதவர் ஆதலால் காணாமை அவரை மறுக்காது என்று வாதிட்டார். வலுவான பதில்தான். ஆனால் ஆள் தென்படாவிட்டாலும் அவருடைய அருளின் விளைவு தென்பட வேண்டுமே என்று மறுப்பவர் கேட்கலாம். காட்டுத்தீயில் கருகி, யார் கண்ணிலும் படாமல் நாட்கணக்கில் துடித்துச் சாகும் மான்குட்டியை 1979-இல் அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ரோ எடுத்துக்காட்டியது இதற்காகத்தான்: அத்துன்பத்தால் எந்த நன்மையும் விளைந்ததாகத் தெரியவில்லை.

நமக்கு எட்டாத காரணம் இருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது, அதே குடத்து நிபந்தனையை இங்கும் வைத்துப் பார்க்க வேண்டும்: அப்படியொரு காரணம் இருந்திருந்தால் நம் அறிவுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்பவருக்கு ரோவின் வாதம் சான்றாகாது. ஆனால் அவர், கடவுளின் நோக்கம் இன்னது என்று வேறு இடங்களில் உறுதியாகப் பேசும் உரிமையையும் விட்டுக்கொடுக்க நேரும். (இந்த விலையைக் கொடுக்க முன்வருபவர்கள் குறைவு.) என் கணிப்பில், பேரருளாளரை மறுப்பது இச்சோதனையில் தேறுகிறது, தலையிடாத முதற்காரணத்தின் முன்போ, 'ஏற்கவில்லை' என்பதைத் தாண்டிச் செல்ல அதற்கு வழியில்லை.