மருதானே என்று விட்டுவிடலாமா?

தோலில் புதிதாக ஏதாவது முளைத்தால், அது பார்க்க எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். கணக்கு தப்புவது அங்கேதான். வயதானவர்களின் முகத்திலும் முதுகிலும் மெழுகை அப்பிவைத்ததுபோல் கறுத்து, சொரசொரப்பாக வரும் செபோரிக் கெரடோசிஸ் பயமுறுத்தும். ஆனால் அது புற்றுநோய் அல்ல. கழுத்திலும் அக்குளிலும் காம்போடு தொங்கும் மருவும் அப்படித்தான்.

பேசல் செல் புற்றுநோயோ முகத்தில் ஒரு சின்னப் பருபோல, முத்தின் பளபளப்போடு சாதுவாக உட்கார்ந்திருக்கும். லேசாக ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், ஆறியதுபோல் இருக்கும், மறுபடி கசியும். "சவரம் பண்ணும்போது பட்டிருக்கும்" என்று மாதங்கள் ஓடிவிடும். நான்கு வாரமாகியும் ஆறாத புண்ணைக் காட்டிவிடுவதே சரி. "வலிக்கவே இல்லையே" என்ற சமாதானமும் உதவாது. தோல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.

அப்புறம் மெலனோமா, தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் புற்றுநோய். இரு பாதியும் ஒத்துப்போகாமை, ஒழுங்கற்ற ஓரம், பல நிறங்கள், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலம், மாற்றம் என்று ஐந்து அடையாளங்கள் சொல்வார்கள். என்னைக் கேட்டால், முதல் நான்கைவிடக் கடைசி ஒன்றுக்கே மதிப்பு அதிகம். 6 மில்லிமீட்டர் ஆகட்டும் என்று காத்திருப்பது தவறு. சில மெலனோமாக்கள் ஒரே நிறத்தில், உருண்டையாக, கறுப்பே இல்லாமல் இளஞ்சிவப்பாகக்கூட வளரும். பழைய மச்சங்களை மட்டும் கண்காணிப்பதும் போதாது. பெரும்பாலான மெலனோமாக்கள் மச்சமே இல்லாத இடத்தில்தான் புதிதாகத் தோன்றுகின்றன. உங்கள் மற்ற மச்சங்களோடு சேராமல் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் அதைக் காட்டுங்கள்.

கறுத்த தோலுக்கு இதெல்லாம் வராது என்பது இன்னொரு நம்பிக்கை. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது மெலனோமா. கால்பந்தில் பட்ட அடி என்றே முதலில் எண்ணப்பட்டது. 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும். அடிபட்ட ரத்தக்கட்டு நகம் வளர வளர முன்னால் நகர்ந்துவிடும். நகராமல் நிற்கும் கறுப்புக் கோடு, அதுவும் பக்கத்துத் தோலுக்குப் பரவினால், அடிபட்டதாக இருக்காது.

இருப்பதிலேயே மோசமான தவறு, என்னவென்று தெரியாமலே அழிப்பது. நூல் கட்டுவது, ஆசிட் வைப்பது, அழகு நிலையத்தில் லேசரில் சுட்டுவிடுவது எல்லாம் இதில் சேரும். மெலனோமாவுக்கு என்ன சிகிச்சை என்பதை, அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் போயிருக்கிறது என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். சுட்டுவிட்டால் அளக்க என்ன இருக்கும்? "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று பயாப்ஸிக்கு, அதாவது தசையை வெட்டியெடுத்துச் சோதிப்பதற்குப் பயப்படவும் வேண்டாம், அதனால் பரவுவதில்லை. தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப் கருவியை வைத்துப் பார்க்கும் தோல் மருத்துவருக்கே சிலசமயம் சந்தேகம் வரும், அப்போது பயாப்ஸிதான் விடை சொல்லும். சந்தேகப்பட்டு எதையாவது வெட்டி எடுத்தால், "லேபுக்கு அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்டு, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.