உங்கள் முயல் காய்ந்த புல்லைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையா?

முயல் புல்லே தின்ன மாட்டேன் என்கிறது என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வேறு என்னென்ன தின்கிறது? உடனே பட்டியல் வரும். காலையில் ஒரு கிண்ணம் பெல்லட் (அமுக்கிச் செய்த முயல் தீவனக் குச்சி), பள்ளி விட்டு வந்த பிள்ளை கொடுத்த வாழைப்பழத் துண்டு, சாயங்காலம் டீ குடிக்கும்போது ஆயா நீட்டிய மாரி பிஸ்கட், ராத்திரி கிண்ணம் காலியாக இருக்கிறதே என்று அப்பா மறுபடி கொட்டிய பெல்லட். இத்தனையும் உள்ளே போன பிறகு எந்த முயல் காய்ந்த புல்லில் வாய் வைக்கும்? வயிறு நிரம்பியிருக்கிறது, அவ்வளவுதான். அது பிகு பண்ணவில்லை.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முயல் வளர்க்கிறேன் என்றாலே எதிரில் இருப்பவர் பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பும் இந்த ஊர்ச் சாப்பாடு, பேரில் மட்டும்தான் முயல்) ஜோக் ஒன்றை எடுத்துவிடாமல் இருக்க மாட்டார், அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். அந்தப் பன்னி சௌவில் மிஞ்சிய ரொட்டித் துண்டை "பாவம், அதுவும் தின்னட்டுமே" என்று கூண்டுக்குள் போடுகிறார்களே, அதுதான் வேண்டாத வேலை. மாவுச்சத்தும் சர்க்கரையும் முயலின் குருட்டுக்குடலில் போய்ப் புளித்து அங்கே இருக்கிற நல்ல கிருமிகளைக் குலைத்துவிடும்.

வளர்ந்த முயலின் சாப்பாட்டில் 80 முதல் 85 சதவீதம் வரை புல்லாக இருக்க வேண்டும், காய்ந்ததோ பச்சையோ. முயலுக்கு 28 பற்கள், அத்தனையும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. நீளப் புல்லை மெல்லும்போது தாடை பக்கவாட்டில் அசைந்து கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று உரசித் தேயும். பெல்லட்டை மேலும் கீழுமாக நொறுக்கி விழுங்கிவிடுவதால் அந்தத் தேய்மானம் கிடைப்பதில்லை. குடலுக்கும் நீளமான நார் உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் குடல் மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும், வலித்தால் இன்னும் தின்னாது. வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் முயலால் முடியாது.

சரி, தந்திரங்களுக்குப் போகும் முன் பல்லைப் பாருங்கள். மோவாய் ஈரமாக இருக்கிறதா, புல்லை வாயில் எடுத்துவிட்டுக் கீழே போடுகிறதா, மென்மையானதை மட்டும் பொறுக்கித் தின்கிறதா, நேற்றுவரை ஆசையாகத் தின்ற புல்லை இன்று திடீரென்று ஒதுக்குகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும், ஏனென்றால் கடைவாய்ப் பல்லில் கூர் முளைத்து நாக்கையோ கன்னத்தையோ குத்திக்கொண்டிருக்கலாம், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது, கருவி வைத்து உள்ளே பார்க்க வேண்டும். நாய் பூனை மட்டும் பார்த்துப் பழகிய இடமாக இருந்தால், முயல் பார்ப்பீர்களா என்று ஃபோனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எதுவுமே தின்னாமல், புழுக்கையும் போடாமல் கிடந்தால் அது அவசரம், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலின் மாதிரி மருந்தைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், முயலுக்கு அது உயிரையே எடுக்கும்.

பல் நன்றாக இருக்கிறது என்றால், அடுத்து பெல்லட் டப்பா. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்பது உச்ச வரம்பு, அதாவது 2 கிலோ முயலுக்கு 50 கிராம். புல்லை ஒழுங்காகத் தின்னும் முயலுக்கு இதில் பாதிகூட அதிகம்தான். கண்ணளவில் போடாமல் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், எவ்வளவு கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் தெரியும். இப்போது கொடுப்பதில் கால் பங்கை ஒரு வாரத்துக்குக் குறையுங்கள், அடுத்த வாரம் இன்னொரு கால், இப்படி மூன்று நான்கு வாரத்தில் சரியான அளவுக்கு வந்துவிடலாம். வாரத்துக்கு ஒருமுறை முயலையும் எடை போட்டுக் குறித்து வையுங்கள். பசித்தால் தானாகத் தின்னும், ரெண்டு நாள் பட்டினி போடு என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கேட்காதீர்கள், அதுவும் கொழுத்த முயல் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறிப் பெரிய ஆபத்தில் முடியும். அப்புறம் அந்த வண்ணக் கலவைத் தீவனம், மக்காச்சோளம், பட்டாணி, விதை எல்லாம் போட்டு மிக்சர் பாக்கெட் போல இருக்குமே, அதை நிறுத்திவிட்டுச் சாதாரண பெல்லட்டுக்கு மாற்றுங்கள், இதையும் படிப்படியாகத்தான். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில் கலவைத் தீவனம் தின்ற முயல்கள் புல்லைக் குறைவாகத் தின்றன, பல் தொந்தரவும் வந்தது.

இதில் வீட்டாரைச் சமாளிப்பதுதான் பெரிய வேலை. முயல் ரெண்டு காலில் நின்று கெஞ்சினால் யாருக்குத்தான் மனசு இளகாது? நாளுக்கான பெல்லட்டைக் காலையிலேயே அளந்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள், கொடுக்க ஆசைப்படுபவர் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆயாவுக்கு பிஸ்கட்டுக்குப் பதில் ரெண்டு கொத்தமல்லித் தண்டு கையில் கொடுத்துவிட்டால் அவருக்கும் திருப்தி.

இனி புல். இணையத்தில் எல்லோரும் திமோத்தி புல், திமோத்தி புல் என்பார்கள், இங்கே அது இறக்குமதிச் சரக்கு, விலையும் அதற்கேற்றபடிதான். தென்னாப்பிரிக்காவில் முயலுக்குத் தாராளமாகக் கிடைப்பது டெஃப், எத்தியோப்பியர்கள் இன்ஜெரா என்று தோசை மாதிரி சுடுகிறார்களே, அதே தானியத்தின் புல். மெல்லிசாக, மிருதுவாக இருக்கும், பிடிவாதக்கார முயல்களும் பெரும்பாலும் இதற்கு மசியும். எரக்ராஸ்டிஸ் அதற்கு உறவுக்காரப் புல்தான், கொஞ்சம் முரடு, பல்லுக்கு நல்லது, ஆனால் புதிதாகப் பழகும் முயல் முகத்தைத் திருப்பும். ஓட்ஸ் புல்லில் கதிர் இருந்தால் அதை மட்டும் முதலில் கொய்து தின்றுவிட்டுத் தண்டுக்கு வரும், அது பரவாயில்லை, ஆர்வத்தைக் கிளப்ப நல்ல வழி. லூசர்ன் (குதிரைமசால்) வளர்ந்த முயலுக்கு வேண்டாம், அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், மூத்திரம் சுண்ணாம்புத் தண்ணீராகப் போய்ப் பையில் படிய ஆரம்பிக்கும். ஆறேழு மாதம் வரை உள்ள குட்டிகளுக்குக் கொடுக்கலாம், ஆனால் அப்போதே டெஃப்பையும் சேர்த்துப் பழக்குங்கள், இல்லாவிட்டால் லூசர்ன் ருசி கண்ட முயலை மாற்றுவதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். கூண்டில் விரிக்க விற்கும் கோதுமை வைக்கோலை உணவென்று நினைத்து வாங்கிவிட வேண்டாம், அதில் சத்து மிகக் குறைவு.

பெட் ஷாப்பில் அமுக்கிக் கட்டிய சின்னப் பொட்டலத்தைவிடக் குதிரைத் தீவனம் விற்கும் இடத்தில் ஒரு பேல் (பெரிய புல் கட்டு) வாங்கினால் கிலோ கணக்கில் எவ்வளவோ மலிவு. டர்பன்காரர்களுக்கு ஹில்க்ரெஸ்ட், ஷாங்வேனி பக்கம் குதிரை வளர்ப்பவர்கள் அதிகம், அந்த வழியில் தீவனக் கடைகள் உண்டு. ஒரு முயலுக்கு ஒரு பேல் ரொம்ப நாள் வரும் என்பதால், முயல் வைத்திருக்கும் இன்னொரு வீட்டோடு பங்கு போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். வாங்கும் முன் பேலின் பக்கவாட்டில் விரலை நுழைத்து நடுவிலிருந்து ஒரு பிடி உருவி எடுங்கள், வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும், அதை வைத்து முடிவு செய்ய முடியாது. உள்ளே இளம்பச்சை தெரிய வேண்டும், கசக்கி முகர்ந்தால் இனிப்பான புல் வாசம் வர வேண்டும், உதறினால் தூசி பறக்கக் கூடாது. ஈரக் கோணி வாடை அடித்தாலோ, சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தாலோ, பிடித்துப் பார்த்தால் நடுவில் சூடாக இருந்தாலோ அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பூஞ்சைப் புல்லை முயல் ஒதுக்குகிறது என்றால் அதற்கு நம்மைவிட மூக்கு நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வாங்கி வந்த புல்லைக் கெடுப்பது பெரும்பாலும் டர்பன் காற்றுதான். டிசம்பர், ஜனவரியில் உப்பு டப்பாவே கசிகிற ஊரில், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் புல்லை அடைத்தால் உள்ளுக்குள் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். 10 கிலோ அரிசி வரும் நெய்த பை, பழைய தலையணை உறை, அட்டைப்பெட்டி, இதில் எதுவானாலும் சரி, காற்று போக வேண்டும். சிமெண்ட் தரையில் நேரடியாக வைக்காமல் பலகை மேல், வெயில் படாத இடத்தில். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே குளிர்காலம் காய்ந்த காலம், புல் மொறமொறவென்று இருக்கும்.

புல்லை எங்கே வைக்கிறீர்கள் என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று பலர் நம்புவதில்லை. முயல் புழுக்கை போட்டுக்கொண்டே மெல்லும் பிராணி. அதனால் அது உட்கார்ந்து திரும்புகிற அளவுக்குப் பெரிய டிரே ஒன்றை வாங்கி, ஒரு பாதியில் மூத்திரத்தை உறிஞ்சும் காகித பெல்லட்டோ மர பெல்லட்டோ போட்டு, மறுபாதியில் புல்லைத் தாராளமாகக் குவித்துவிடுங்கள், முயலின் உடம்பு அளவுக்காவது குவியல் இருக்கட்டும். பூனைக்கு வாங்கும் கட்டியாகிற மணல் வேண்டாம், அதைத் தின்றால் குடலில் இறுகும். சுவரில் மாட்டும் கம்பிக் கூடை பார்க்க அழகு, ஆனால் கம்பி நெருக்கமாக இருந்தால் ஒவ்வொரு இழையாக இழுக்க வேண்டியிருக்கும், சோம்பேறி முயல் விட்டுவிட்டுப் போய்விடும். புல் இறைபடுகிறது, அதன் மேலேயே மூத்திரம் போகிறது என்று கவலைப்படாதீர்கள், கொஞ்சம் வீணாகத்தான் செய்யும், மிச்சத்தைத் தோட்டத்தில் உரமாகப் போடலாம்.

முயல் சுறுசுறுப்பாகத் தின்பது விடிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும். காலையில் பெல்லட் கொடுக்கும் முன்பாகப் புதுப் புல்லைப் போட்டு அரை மணி, ஒரு மணி விடுங்கள், ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை. டிரேயில் பழைய புல் நிறைய இருந்தாலும் மேலே ஒரு பிடி புதிதாக உதறிப் போட்டால் ஏதோ புதுச் சரக்கு வந்ததாக நினைத்து ஓடி வரும், இந்த அற்ப விஷயம் வேலை செய்வதைப் பார்த்தால் எனக்கு இப்போதும் சிரிப்புதான் வருகிறது. பெல்லட்டைக் கிண்ணத்தில் போடாமல் புல் குவியலுக்குள் தூவிவிட்டால் தேடிக் கிளறும்போது நாலு இழை வாயில் போகும். டாய்லெட் பேப்பர் தீர்ந்த அட்டைக் குழலில் புல்லைத் திணித்து நடுவில் ரெண்டு புதினா இலை வைத்துக் கொடுங்கள், அட்டையோடு சேர்த்துக் கிழிக்கும். ஜோடி முயலாக இருந்தால் ஒன்று தின்பதைப் பார்த்து இன்னொன்று வரும்.

பச்சைப் புல்லும் கணக்கில் சேரும். வாசலில் வளர்ந்த கிகுயு புல்லைக் கையால் பிடுங்கியோ கத்தரியால் வெட்டியோ, கொஞ்சமாக ஆரம்பித்து, கொடுக்கலாம், மருந்து அடிக்காத புல்லாக இருக்க வேண்டும். மெஷின் வெட்டிய குப்பை வேண்டாம், நசுங்கி உடனே புளிக்கும். கூடவே பக்கத்து அவகாடோ மரத்து இலை, சாமி பூஜைக்கு வைத்திருக்கும் அரளி இலை எதுவும் கலந்துவிடாமல் பாருங்கள், ரெண்டும் முயலுக்கு விஷம். காட்டு முயல்கள் திரியும் வெளியில் போய்ப் புல் பறிக்காதீர்கள். 2022 கடைசியில் முயல்களைக் கொல்லும் இரத்தக்கசிவு வைரஸின் இரண்டாம் வகை இந்த நாட்டில் உறுதியானது, காட்டு முயல்களும் அதில் செத்தன.

புரட்டாசி மாதம் வந்தால் வீட்டில் கறி இல்லை, காய் மயம். முட்டைக்கோஸ் தோல், காலிஃபிளவர் தண்டு, கீரைக் கட்டு என்று அள்ளிப் போட்டால் முயல் மறுபடி புல்லை மறந்துவிடும், வயிறும் உப்பும். நாளுக்கு ஒரு கைப்பிடி இலை, அதுவும் புல் தின்ற பிறகு.

எல்லாம் சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ளப் புழுக்கையைப் பாருங்கள். உருண்டையாக, பெரிதாக, வெளிர் பழுப்பாக இருந்து, விரலில் நசுக்கினால் மரத்தூள் மாதிரி உதிர்ந்தால் புல் உள்ளே போகிறது. சின்னதாக, கறுப்பாக, கெட்டியாக வந்தால் போதவில்லை. ராத்திரியில் போடுகிற மெத்தென்ற பளபளப்பான கொத்தை அது தானே தின்றுவிடும், அது இயல்பு; தின்னாமல் பின்பக்கம் ஒட்டிக் கிடந்தால் பெல்லட்டோ பழமோ இன்னும் அதிகமாகப் போகிறது.

நவம்பர் பக்கம் மட்டும் கொஞ்சம் உஷார். தீபாவளி வெடியும், நவம்பர் 5 கை ஃபாக்ஸ் நாள் வெடியும் அடுத்தடுத்து வரும், பயந்த முயல் மூலையில் சுருண்டு வாயே திறக்காது. அன்றைக்கு டிரேயோடு வீட்டின் உள்ளறைக்குக் கொண்டுவந்து, ஜன்னலைச் சாத்தி, அதற்குப் பிடித்த புல்லை மூக்குக்குப் பக்கத்தில் வையுங்கள், காலையில் டிரேயில் புழுக்கை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பண்டிகை நாளில் திறந்திருக்கும் டாக்டரின் நம்பரை அதற்கு முன்பே கேட்டு ஃபோனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.