தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் கதையைச் சேகரிப்பது எப்படி

மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் தோட்டம் கைமாறியதும் கலைந்துபோன காற்பந்துக் குழுக்களில் எங்கள் தோட்டத்துக் குழுவும் ஒன்று. மூன்று வருடமாக அதன் கதையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தோட்டத்துக் குழுவுக்கும் இதைச் செய்ய நினைத்தால், நூலகம், ஆவணக் காப்பகம் எல்லாம் அப்புறம், முதலில் ஆளைப் போய்ப் பாருங்கள். எண்பதைத் தாண்டிய கோல்கீப்பரை அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

"பழைய கதை சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் பேச்சு வராது. குழுப் படம் ஒன்றைக் கையில் கொடுத்து, நிற்பவர்களை இடமிருந்து ஒவ்வொருவராகக் கேளுங்கள்: யார் இவர், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), ரப்பர் பால் வெட்டா வெளிக்காட்டு வேலையா, பிள்ளைகள் இப்போது எங்கே? பட்டப்பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். முதல் வருடம் நான் அடையாளக் கார்டுப் பெயரை மட்டும் எழுதிவிட்டேன், அடுத்த வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஆள் தெரியவில்லை, மறுபடி எல்லா வீட்டுக்கும் நடந்தேன். ஆடியவர்களோடு நிறுத்தாமல் வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். சம்பள நாளில் யார் எவ்வளவு சந்தா கொடுத்தார்கள், எந்த ஆட்டத்தன்று சண்டை வந்தது என்பதெல்லாம் எங்கள் தோட்டத்தில் அவர்களுக்குத்தான் நினைவிருந்தது.

வருடம் யாருக்கும் சரியாக வராது, அதனால் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைப் பிடித்துக் கேட்க வேண்டும். 1971 ஜனவரி வெள்ளத்துக்கு முன்னா பின்னா? மலேசியக் காற்பந்துக் குழு மியூனிக் ஒலிம்பிக்குப் போன 1972இல் ஆடினீர்களா? கலர் டிவி வந்த பிறகா? அது 1978 டிசம்பர் கடைசியில். மலேசியத் தேசியக் குழுவின் கோல்கீப்பர் ஆறுமுகம் விபத்தில் இறந்த செய்தி வந்தபோது குழு இருந்ததா என்று கேட்டால், 1988 வரைக்கும் கணக்கு கிடைத்துவிடும். படத்தின் பின்னணியையும் பாருங்கள், கித்தா (ரப்பர்) மரம் நிற்கிறதா, செம்பனையா (எண்ணெய்ப் பனை) என்பதை வைத்தே தோட்டம் மறுநடவு செய்யப்படும் முன் எடுத்ததா என்று சொல்லலாம்.

ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். 1969, 70 வாக்கில் குழுவின் பாதிப் பெயர்கள் திடீரென்று மாறியிருந்தால், ஆட்டக்காரர்கள் சலித்துப் போனார்கள் என்று எழுதிவிடாதீர்கள். 1968இல் வந்த சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று, சிவப்பு ஐசியோடு (குடியுரிமை இல்லாதவர்களின் அடையாளக் கார்டு) இருந்த தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். எங்கள் குழுவின் இடது விங் அப்படிப் போனவர்தான், அதைச் சொன்னபோது அவருடைய ஜோடி ஆட்டக்காரர் வெகுநேரம் பேசவில்லை. அப்போது ரெக்கார்டரை நிறுத்திவிட்டேன். நீங்களும் நிறுத்துங்கள்.

அடுத்தது ஏடுகள். கோயில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், கிண்ணங்களின் அடியில் பொறித்த எழுத்து, இவற்றைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவான கிளப் என்றால் பழைய தாள் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவிலாகாவில் இருக்கலாம். 1997இன் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு கிளப்புகளின் பதிவு விளையாட்டு ஆணையரிடம் போனது, ஆகவே இரண்டு இடத்திலும் கேளுங்கள். பதிவே செய்யாமல் தோட்ட நிர்வாகத்தின் கிளப் பெயரில் ஆடிய குழுக்களும் உண்டு. பத்திரிகைக்கு, கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையிலுள்ள தேசிய நூலகம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனைத் தேடிப் பாருங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, மலாயாக் காலத்து ஆட்டச் செய்திகள் அதிலும் உண்டு. தேடும்போது பழைய பெயரைப் போடுங்கள்: எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை 2007இல்தான் பெஸ்தாரி ஜெயா ஆனது. தோட்டத்துக்கும் கம்பெனிப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் அழைத்த பெயர் ஒன்று இருக்கும், இரண்டையும் போட வேண்டும்.

எழுதும்போது எட்டுக்கு பூஜ்யம் என்று தோற்ற ஆட்டத்தையும் எழுதுங்கள், எதிரணியில் ஆடியவர்களின் பெயரையும் கேட்டுப் போடுங்கள், அவர்கள் தோட்டமும்தான் போய்விட்டது. அச்சடித்தால் சட்டப்படி 5 பிரதிகள் தேசிய நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆனால் முதல் பிரதியை அந்தக் கோல்கீப்பர் வீட்டுக்கு எடுத்துப் போங்கள், பெயர் தவறாக இருந்தால் அங்கேயே பேனாவால் திருத்திக்கொண்டு வாருங்கள்.