ஒரே கஸ்டமருக்கு இரண்டு பதிவு: சிஆர்எம் எச்சரிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் வேலை பார்த்த ஒரு பம்ப்செட் டீலரிடமிருந்து ஒரே கடைக்கு ஒரே வாரத்தில் இரண்டு கொட்டேஷன் போனது. ஒன்றில் 'ஸ்ரீ முருகன் டிரேடர்ஸ்', மற்றதில் 'முருகன் டிரேடர்ஸ்'. விலையும் வேறு. கடைக்காரர் இரண்டு தாளையும் மேசையில் அருகருகே வைத்து, "இதுல எது சார் உங்க விலை?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

கஸ்டமர் விவரங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்தான் சிஆர்எம்; ஒருவரையே மறுபடி பதிந்தால் அது எச்சரிக்க வேண்டும். எங்களுடையது பெயரை மட்டும் ஒப்பிட்டதால் வந்த வினை இது. நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் முன்னாலும் வரும், பின்னாலும் வரும். லட்சுமியை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். மொபைல் எண் பரவாயில்லை, +91, முன்னால் வரும் 0, இடைவெளி எல்லாவற்றையும் நீக்கிக் கடைசி 10 இலக்கத்தை ஒப்பிட்டால். வியாபாரிகள் என்றால் ஜிஎஸ்டி எண்தான். அதிலுள்ள 15 எழுத்துகளில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, அடுத்த பத்தும் பான் எண். கோவைக் கடை 33 என்றும் அதன் பெங்களூரு கிளை 29 என்றும் தொடங்கினாலும், நடுவிலிருக்கும் பான் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது, அடியோடு தடுத்துவிடுவது. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மில், இரட்டைப் பதிவு வந்தால் எச்சரித்துவிட்டு அனுமதிக்கலாம், சேமிக்கவே விடாமல் தடுக்கவும் செய்யலாம். ஆர்வத்தில் பலர் தடுப்பதையே வைக்கிறார்கள். கஸ்டமர் எதிரில் காத்திருக்கும்போது சேவ் ஆகவில்லை என்றால் சேல்ஸ் தம்பி என்ன செய்வார்? போன் நம்பரில் ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டுச் சேமிப்பார். டூப்ளிகேட்டும் உள்ளே வந்துவிட்டது, அதைக் கண்டுபிடிக்கும் வழியும் அடைபட்டது! முழு ஜிஎஸ்டி எண்ணும் ஒத்தால் தடுங்கள். பெயருக்கும் போனுக்கும் எச்சரிக்கை போதும்.

அந்த எச்சரிக்கையும் உருப்படியாக இருக்க வேண்டும். 'ஏற்கெனவே உள்ளது' என்று மட்டும் வந்தால் யாரும் படிக்காமல் மூடிவிடுவார்கள். 'இந்த எண் மதுரைக் கிளையின் பொறுப்பில் உள்ளது, கடைசியாகப் பேசியது செவ்வாய்க்கிழமை' என்று வந்தால் கை தானாக நிற்கும். ஒருவருடைய கஸ்டமரை இன்னொருவர் பார்க்க முடியாதபடி பூட்டியிருக்கிறீர்களா? தேடலும் அந்தப் பூட்டுக்குள்ளேயே நடந்தால் எச்சரிக்கை வரவே வராது. சேல்ஸ்ஃபோர்ஸில் இந்தப் பூட்டை, அதாவது பகிர்வு விதிகளைத் தாண்டித் தேடத் தனி செட்டிங் உண்டு, அதைப் பாருங்கள். எக்செல் இம்போர்ட்டையும் மறக்க வேண்டாம்; டூப்ளிகேட்டுகள் மொத்தமாக நுழைவது அந்த வழியில்தான்.

சரி, எச்சரிக்கை வந்துவிட்டது. உடனே இரண்டையும் மெர்ஜ் செய்துவிடாதீர்கள். அப்பாவும் மகனும் தனித்தனிக் கடை வைத்துக்கொண்டு ஒரே மொபைல் எண்ணைக் கொடுத்திருப்பார்கள். சேர்த்ததைத் திரும்பப் பிரிப்பது பெரும்பாடு. முதலில் அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.